இந்தியாவில் பறவை ஆய்வுக்கான நல்கைகள்

இந்தியாவில் பறவை ஆய்வுக்கான நல்கைகள் என்பவை பறவைகள் பற்றிய கள ஆய்வு, அவற்றின் வாழிடப் பாதுகாப்பு, பறவைகள் குறித்த கல்வி ஆகிய பணிகளுக்கு அரசுகள், அறக்கட்டளைகள், கழகங்கள், தனியாட்கள் வழங்கும் பொருளுதவி ஆகும். கடனைப் போல இத்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பணிக்கெனப் பெறப்பட்டதோ அதற்கே செலவிட்டு, வரவு செலவுக் கணக்கையும் ஆய்வறிக்கையையும் நல்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும். பறவைகளிலிருந்து நேரடியான வருமானம் ஏதும் வருவதில்லை ஆதலால், இந்தியப் பறவையியலின் வரலாறு பெருமளவுக்கு இத்தகைய நல்கைகளின் வரலாறாகவும் அமைந்துள்ளது. யார் பணம் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற கேள்வி ஒருமுறை நாடாளுமன்றம் வரை சென்றதும் உண்டு.

சமஸ்தானங்களின் காலம்

1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நீண்ட காலம் உறுப்பினர் சந்தாவையும் செல்வர்களின் கொடையையும் நம்பியே இயங்கியது. ஆங்கிலேய அரசு பறவை ஆய்வை வேளாண்மைக்குப் பயன்படும் அளவிலேயே பொருட்படுத்தியது. 1912இல் மேசன், மாக்சுவெல் லெஃப்ராய் ஆகியோர் எழுதி வேளாண்மைத் துறை வெளியிட்ட இந்தியப் பறவைகளின் உணவு பற்றிய நூல் இதற்கு எடுத்துக்காட்டாகும். எந்தப் பறவை பூச்சியைத் தின்கிறது, எது தானியத்தைத் தின்கிறது என்பதே அதன் அடிப்படைக் கேள்வி.

தமிழகத்தோடு தொடர்புடைய தொடக்ககால நல்கைகளுள் ஆர்தர் வெர்னே என்பவருடையது குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பழம்பொருள் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய இவருடைய பொருளுதவியில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் உயிரினங்களைப் பற்றிய அறிவியல் அளவாய்வு 1929இல் தொடங்கியது. அதில் திரட்டப்பட்ட பறவை மாதிரிகளை ஹியூ விஸ்லரும் நார்மன் கின்னியரும் ஆராய்ந்து, கழகத்தின் ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டனர். தென்னிந்தியப் பறவைகளின் பரவல் குறித்துப் பின்னாளில் எழுதிய பலரும் இக்கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டனர்.

இக்காலத்திலேயே சாலிம் அலி (1896–1987) பறவையியலைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராக இருந்த அவர், விடுப்பில் பெர்லின் சென்று எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்று 1930இல் திரும்பியபோது, பணமில்லை என்ற காரணத்தால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையின்றிக் கிகீம் என்னும் கடலோர ஊரில் தங்கியிருந்த நாட்களில்தான் தூக்கணாங்குருவியின் இனப்பெருக்க முறையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வு நிகழ்ந்தது.

அதன்பின் அவர் மேற்கொண்ட வழி எளிமையானது. சுதேச சமஸ்தானங்களில் பறவை அளவாய்வு நடத்தித் தருவதாகவும், தமக்கு ஊதியம் வேண்டியதில்லை, முகாமுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவை மட்டும் ஏற்றால் போதும் என்றும் அவர் முன்வந்தார். ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1931இல் முதல் அளவாய்வு தொடங்கியது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களிலும், பின்னர் குவாலியர், இந்தூர், போபால் ஆகியவற்றிலும் பணி தொடர்ந்தது. இவ்வளவாய்வுகளில் மனைவி தெகுமினா உடனிருந்து முகாம் பணிகளைக் கவனித்துக்கொண்டார். அவர் 1939இல் காலமானார். திருவிதாங்கூர், கொச்சி ஆய்வின் முடிவுகள் முதலில் ஆய்விதழிலும், பின்னர் 1953இல் நூலாகவும் வெளிவந்து, 1969இல் 'கேரளப் பறவைகள்' என விரிவடைந்தன. அந்த ஆய்வின்போது சாலிம் அலி கண்டு வியந்த தட்டேக்காடு 1983இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. சமஸ்தானங்கள் ஏற்றுக்கொண்ட முகாம் செலவு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் பலன் தந்தது என இதைக் கொள்ளலாம். ஆய்வாளர் ஊதியமின்றி உழைத்ததாலேயே அது சாத்தியமாயிற்று என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானங்களின் ஆதரவு நின்றுபோனது. கழகத்தின் ஆங்கிலேய உறுப்பினர்கள் பலர் நாடு திரும்பினர். நிதி நெருக்கடியில் இருந்த கழகத்துக்கு உதவும்படி சாலிம் அலி தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். அரசின் உதவி கிடைத்தது. எனினும் அது கழகத்தை நிலைநிறுத்துவதற்கே போதுமானதாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் நடத்த வேண்டிய கள ஆய்வுகளுக்கு வெளிநாட்டு நல்கைகளை நாட வேண்டியதாயிற்று.

அவற்றுள் அமெரிக்காவின் 'பொதுச் சட்டம் 480' வழியாக வந்த பணம் தனித்தன்மை வாய்ந்தது. இச்சட்டத்தின்படி அமெரிக்கா அனுப்பிய கோதுமை முதலிய தானியங்களுக்கு இந்தியா டாலராக அன்றி ரூபாயாகவே விலை கொடுத்தது. அந்த ரூபாயை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல இயலாது. எனவே அமெரிக்க அரசின் கணக்கில் இந்தியாவிலேயே பெருந்தொகை சேர்ந்தது. அதில் ஒரு பகுதியை ஸ்மித்சோனியன் நிறுவனமும், அந்நாட்டின் மீன், வனவிலங்குப் பணித்துறையும் இந்திய ஆய்வுகளுக்கு நல்கின. பஞ்சகாலத்துக் கோதுமையின் விலை பறவைகளின் காலில் மாட்டும் வளையங்களாக மாறியது என இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

சாலிம் அலிக்கு 1970களில் வழங்கப்பட்ட பால் கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசின் தொகையைக் கொண்டு சாலிம் அலி இயற்கைப் பாதுகாப்பு நிதி உருவாக்கப்பட்டது. தனியொருவரின் பரிசுப் பணம் மற்றவர்களின் ஆய்வுக்கு முதலீடாக மாறியதற்கு இந்தியாவில் இது ஒரு முன்னோடி.

வலசை ஆய்வும் சர்ச்சையும்

1957இல் மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. கியாசனூர் காட்டு நோய் எனப் பெயர்பெற்ற இதன் தீநுண்மம் சோவியத் நாட்டில் காணப்பட்ட ஒரு மூளைக்காய்ச்சல் தீநுண்மத்தை ஒத்திருந்தது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்து இந்நோயைப் பரப்பினவோ என்ற ஐயம் எழுந்தது. பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி அவற்றின் வலசைப் பாதையை அறிய வேண்டும் என்பது சாலிம் அலியின் நெடுநாள் விருப்பம். நோய் குறித்த அச்சம் அதற்கு வழிவகுத்தது. 1950களின் இறுதியில் உலக நலவாழ்வு அமைப்பின் உதவியுடன் கழகம் வளையமிடும் பணியைத் தொடங்கியது.

பறவைகளைக் காயமின்றிப் பிடிப்பதற்குப் பீகாரைச் சேர்ந்த மீர்சிகார் என்னும் பரம்பரைப் பறவைப் பிடிப்போரின் திறமை பயன்பட்டது. விற்பனைக்காகப் பறவை பிடித்தவர்கள் ஆய்வுக் குழுவில் ஊதியம் பெறும் பணியாளர் ஆயினர். பரத்பூரிலும், தமிழ்நாட்டின் கோடிக்கரையிலும் பின்னர் நடந்த வளையமிடும் பணிகளிலும் அவர்களது கைத்திறனே அடிப்படையாக இருந்தது. ஆய்வறிக்கைகளின் ஆசிரியர் வரிசையில் இத்தகையோரின் பெயர் இடம்பெறுவது அரிது.

1960களில் இவ்வாய்வு, எலியட் மெக்லூர் என்பவர் தலைமையில் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நடந்த வலசை விலங்குகளின் நோயியல் அளவாய்வுடன் இணைந்தது. பல நாடுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்ட இவ்வளவாய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுப் பிரிவாகும். பறவைகள் எந்தப் பருவத்தில் எங்கிருந்து எங்கே செல்கின்றன, எந்த நோய்க்கிருமிகளைச் சுமக்கின்றன என்னும் தகவல் படைத்துறைக்கு எதற்கு என்ற கேள்வி 1970களில் இந்தியச் செய்தித்தாள்களில் எழுந்தது. கிருமிப் போருக்கு இத்தகவல் பயன்படக்கூடும் என்ற ஐயம் வெளிப்படையாகவே கூறப்பட்டது. சாலிம் அலியின் நெருங்கிய கூட்டாளியும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளருமான டில்லன் ரிப்ளி இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுத் துறையில் பணியாற்றியவர் என்பதும் ஐயத்தை வளர்த்தது.

நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1974–75ஆம் ஆண்டில் வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுகளை விசாரித்தபோது, தில்லியில் நடந்த கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வுடன் பறவை வலசை ஆய்வையும் எடுத்துக்கொண்டு கடுமையாக விமரிசித்தது. ஆய்வில் மறைவானது எதுவுமில்லை எனச் சாலிம் அலி மறுத்தார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வளையங்கள் தந்த தகவல் வெளிப்படையாக அச்சிடப்பட்டது உண்மை. பறவைகளின் வலசைப் பாதை பற்றிய இந்திய அறிவு பெரிதும் அதன்மேல் எழுந்ததே. அதே வேளை, ஒரு வறிய கழகம் நல்கையாளரின் நோக்கத்தை அலசிப் பார்க்கும் நிலையில் இல்லை என்பதும் உண்மை. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு அனுமதி வழங்குவதில் அரசு பிற்காலத்தில் காட்டிய எச்சரிக்கையில் இச்சர்ச்சைகளுக்கும் பங்குண்டு.

கேவலாதேவ் ஆய்வு

நல்கை கொடுத்தோரும் பெற்றோரும் எதிர்பாராத முடிவை ஓர் ஆய்வு தரக்கூடும் என்பதற்கு இராசஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் சிறந்த சான்றாகும். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இந்த நீர்நிலை பரத்பூர் அரசர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. 1938இல் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட ஒருநாள் வேட்டையில் மட்டும் 4,273 பறவைகள் சுடப்பட்டன.

அமெரிக்க மீன், வனவிலங்குப் பணித்துறையின் நல்கையில் 1980இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு பத்தாண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. சுற்றியுள்ள ஊர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக இங்கே மேய்ந்து வந்தன. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பதே அன்று அறிவியலாளர்களிடையே நிலவிய பொதுக் கருத்து. சாலிம் அலியும் அக்கருத்தினரே. தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டதை அடுத்து 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. ஊர்மக்கள் எதிர்த்தனர். காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பு ஏற்பட்டது.

எருமைகள் வெளியேறியபின் நீரில் வளரும் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் பரவியது. திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது. மீன்களும், நீந்தி உணவு தேடும் வாத்துகளும் பாதிக்கப்பட்டன. வி. எஸ். விஜயன் தலைமையிலான ஆய்வுக் குழு 1991இல் அளித்த இறுதி அறிக்கை, எருமை மேய்ச்சல் புல்லைக் கட்டுப்படுத்தி நீர்நிலையைப் பறவைகளுக்கு ஏற்றதாக வைத்திருந்தது எனக் கூறியது. மேய்ச்சலைத் தடுக்க வேண்டும் என்று கருதிய கழகமே நடத்திய ஆய்வு அத்தடை தவறு எனக் காட்டியது. பின்னர் ஊர்மக்கள் பூங்காவினுள் புல் அறுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டனர்.

ஓராண்டோ ஈராண்டோ மட்டும் நல்கை கிடைத்திருந்தால் இம்முடிவு வந்திருக்காது. தடைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து அளவெடுத்ததாலேயே ஒப்பிட முடிந்தது. உலகப் பாரம்பரியக் களமாக 1985இல் அறிவிக்கப்பட்ட இப்பூங்காவுக்குக் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2002க்குப் பின் வரவில்லை.

ஜெர்டான் கோர்சர்

கழகம் அதே காலத்தில் அதே பணித்துறையின் உதவியுடன் அழியும் நிலையிலுள்ள பறவைகளைத் தேடும் திட்டம் ஒன்றையும் நடத்தியது. ஜெர்டான் கோர்சர் என்பது தரையில் ஓடித் திரியும், இரவில் நடமாடும் சிறு பறவை. ஆந்திரத்தின் முட்புதர்க் காடுகளில் மட்டுமே வாழ்வது. 1900க்குப் பின் எவரும் காணாததால் அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. ஆய்வாளர் பாரத் பூஷண் கடப்பை மாவட்டத்து ஊர்களில் பறவையின் படத்தைக் காட்டி விசாரித்து வந்தார். 1986 சனவரியில் அய்த்தன்னா என்னும் உள்ளூர் வேட்டைக்காரர் அப்பறவையை உயிருடன் பிடித்தார். ஆய்வாளர் வந்து சேர்ந்து கண்டபின் சில நாட்களுக்குள் அது இறந்துவிட்டது. எனினும் எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இனம் உயிரோடிருப்பது உறுதியாயிற்று. அப்பகுதி ஸ்ரீலங்கமல்லேஸ்வரா காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

2000களில் பிரித்தானிய அரசின் டார்வின் முன்முயற்சி நிதியின் உதவியுடன், தமிழ்நாட்டைச் சேர்ந்த ப. ஜெகநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இப்பறவையின் வாழிடத்தை ஆராய்ந்தனர். காண்பதற்கரிய பறவையாதலால், மென்மணல் பட்டைகளில் பதியும் காலடித் தடங்களையும் தானியங்கி ஒளிப்படக் கருவிகளையும் அவர்கள் பயன்படுத்தினர். தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் இப்பறவையின் வாழிடத்தின் ஊடே வெட்டப்படவிருந்தபோது, ஆய்வில் திரட்டிய தரவுகள் இருந்ததாலேயே பாதையை மாற்றக் கோர முடிந்தது, பாதையும் மாற்றப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் திட்டத்தோடு ஒரு சிறு பறவையின் வாழ்வு இவ்வாறு பின்னிப் பிணைந்திருந்தது. அதன்பின் பல்லாண்டுகள் பறவை தென்படாதிருந்து, 2025 ஆகஸ்டில் அதன் குரல் மீண்டும் பதிவு செய்யப்பட்டது.

ஆனைகட்டி நிறுவனம்

1990இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சின் உதவியுடன் கோயம்புத்தூரில் சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் தொடங்கப்பட்டது. கேவலாதேவ் ஆய்வை நடத்திய விஜயன் இதன் முதல் இயக்குநர். நகரிலிருந்து விலகி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள ஆனைகட்டியில் இது அமைந்தது. தனித்தனி நல்கைகளை நம்பியிராமல் பறவையியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய நிலையான ஓர் இடம் தென்னிந்தியாவில் இதனால் உருவானது. 2023இல் இது தேராதூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

இதன் இயக்குநராக இருந்து 2009இல் இளம் வயதிலேயே மறைந்த ரவி சங்கரன், அந்தமானில் உண்ணத்தகு கூடு கட்டும் உழவாரன் குருவிகளைக் காக்கும் திட்டத்தை உருவாக்கியவர். இக்குருவி எச்சிலால் கட்டும் கூடு சீனச் சமையலில் பெருவிலைக்குரியது. கூடு திருடுவோரையே காவலராக ஆக்கி, குஞ்சு பறந்தபின் கூட்டை எடுக்க வழிசெய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு இசைவாக 2003இல் இக்குருவி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. அவர் நினைவாக இன்லாக்ஸ் அறக்கட்டளை இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது.

பாறுகளின் வீழ்ச்சி

கேவலாதேவ் ஆய்வின் ஒரு பகுதியாக விபு பிரகாஷ் அங்குள்ள வேட்டைப் பறவைகளைக் கணக்கெடுத்தார். 1987–88இல் வெண்முதுகுப் பாறுகளின் 353 இணைகள் அங்கே கூடு கட்டியிருந்தன. 1996–97இல் அவர் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் குறைவாகவே இருந்தன; இறந்த பறவைகள் மரங்களில் தொங்கின. முந்தைய எண்ணிக்கை இல்லாதிருந்தால், எங்கும் நிறைந்திருந்த ஒரு பறவை குறைந்துவருவதை எவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பாக்கித்தானில் பெரெகிரின் நிதியத்தின் பொருளுதவியில் நடந்த ஆய்வு இதற்குக் காரணம் டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து எனக் கண்டறிந்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டது. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட அம்மருந்து, அவை இறந்தபின் உடலைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என ஆய்வுகள் காட்டின. 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் தருவதை இந்தியா தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் கால்நடைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் ஊசி மருந்தின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. அசிக்ளோபினாக், கீட்டோபுரோபன் ஆகியவை 2023இல் தடை செய்யப்பட்டன.

அரியானாவின் பிஞ்சோரில் அமைந்த பாறு இனப்பெருக்க மையத்தின் தொடக்கச் செலவில் டார்வின் முன்முயற்சிக்கும் பங்குண்டு. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். முதிர்ச்சியடையவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். எனவே மூன்றாண்டு நல்கையின் முடிவில் காட்டுவதற்கு ஏதும் இராது. இம்மையத்தில் வளர்ந்த வெண்முதுகுப் பாறுகள் 2020இல்தான் காட்டில் விடுவிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்கு பாறுகள் எஞ்சியுள்ள முக்கிய இடமாகும்.

பாறுகள் இல்லாமையால் அழுகும் பிணங்கள் பெருகி, நீர் மாசுற்று, தெருநாய்கள் மிகுந்தன. இதனால் 2000க்கும் 2005க்கும் இடையில் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கூடுதல் மனித மரணங்கள் நேர்ந்திருக்கலாம் எனப் பொருளியலாளர்கள் இருவர் 2024இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டனர். பறவைகளை எண்ணுவதற்குக் கொடுக்கும் பணம் வீண் என்போருக்கு இம்மதிப்பீடே மறுமொழியாகக் காட்டப்படுகிறது.

ஊர்மக்களும் நல்கையும்

2000களுக்குப் பின் நல்கைகளின் நோக்கில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. ஆய்வாளருக்கு மட்டுமன்றி, பறவைகளுக்கு அருகில் வாழும் மக்களுக்கும் பணத்தில் ஒரு பங்கு செல்லத் தொடங்கியது.

அசாமின் ததரா, பசாரியா ஊர்களில் அர்கிலா எனப்படும் பெரிய நாரையினம் தனியார் தோட்டத்துக் கடம்ப மரங்களில் கூடு கட்டுகிறது. பிணம் தின்பதாலும் எச்சத்தின் நாற்றத்தாலும் அது தீய சகுனமாகக் கருதப்பட்டு, கூடுள்ள மரங்கள் வெட்டப்பட்டன. 2007இல் அவ்வாறு வெட்டிய மரத்திலிருந்து குஞ்சுகள் விழுந்து கிடந்ததைக் கண்ட பூர்ணிமா தேவி பர்மன், தம் முனைவர் பட்ட ஆய்வை ஒத்திவைத்துவிட்டு ஊர்ப் பெண்களிடையே பணியாற்றத் தொடங்கினார். கூடு கட்டும் பருவத்தில் கருவுற்ற பெண்ணுக்குச் செய்வது போன்ற சடங்கு பறவைக்கு நடத்தப்பட்டது. நம் வளைகாப்பை ஒத்தது அது. தறியும் நூலும் வழங்கப்பட்டு, பறவையின் உருவம் நெய்த சேலைகளைப் பெண்கள் விற்றனர். 'அர்கிலா படை' எனப்படும் இப்பெண்கள் அமைப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். தொடக்கத்தில் 28ஆக இருந்த கூடுகள் 250க்கு மேல் பெருகின.

பிரித்தானியாவின் விட்லி இயற்கை நிதியம் 2017இல் பர்மனுக்கு 35,000 பவுண்டு மதிப்புள்ள விருதையும், 2024இல் 100,000 பவுண்டு மதிப்புள்ள தங்க விருதையும் வழங்கியது. இந்த விருதுத் தொகை பெறுபவரின் திட்டத்துக்கே செலவிட வேண்டிய நல்கையாகும். 2023இல் இப்பறவை அருகிய இனம் என்ற நிலையிலிருந்து அச்சுறு நிலையை அண்மித்த இனம் என மாற்றி வகைப்படுத்தப்பட்டது. விருதுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பணி தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. நல்கைகள் பெரும்பாலும் வெற்றி தெரிந்தபின்னரே வந்து சேர்கின்றன.

அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடுகளில் வேறொரு முறை கையாளப்படுகிறது. இருவாய்ச்சிகள் பெருமரப் பொந்துகளில் கூடு வைக்கின்றன. பெண் பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை ஒரு சிறு துளை வழியே மாதக்கணக்கில் உணவூட்டுகிறது. ஆண் வேட்டையாடப்பட்டால் குடும்பமே அழியும். நிஷி இன ஆண்கள் இருவாய்ச்சியின் அலகைத் தலையணியில் சூடுவது மரபு. அதற்கு மாற்றாகச் செயற்கை அலகுகள் வழங்கப்பட்டன. 2011–12இல் மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, வனத்துறை, நிஷி ஊர்ப்பெரியவர்களின் கோரா ஆபே சங்கம் ஆகியவை சேர்ந்து கூடு தத்தெடுப்புத் திட்டத்தைத் தொடங்கின. நகரங்களில் வாழ்வோர் ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்து ஒரு கூட்டைத் தத்தெடுக்கின்றனர். அப்பணம் கூட்டைக் காக்கும் நிஷி இளைஞருக்கு ஊதியமாகிறது. இங்கு நல்கையாளர் ஒருவரல்லர், பலர். ஒருவர் விலகினாலும் திட்டம் நிற்பதில்லை. இத்திட்டத்துடன் தொடர்புடைய அபராஜிதா தத்தா 2013இல் விட்லி விருது பெற்றார்.

நல்கை ஏதுமின்றி மக்களே காத்த பறவைகளும் உண்டு. வேடந்தாங்கல் ஊரார் ஏரிக்கு வரும் பறவைகளை நூற்றாண்டுகளாகக் காத்துவந்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், படைவீரர்கள் அங்கே பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை வழங்கினார். இங்கே பறவைகளே ஊருக்கு நல்கியவை எனலாம்.

சட்டமும் நடைமுறையும்

நல்கை கோருபவர் ஆய்வுக் கேள்வி, முறை, கால அட்டவணை, செலவு மதிப்பீடு ஆகியவற்றைக் கொண்ட விண்ணப்பத்தை அளிக்கிறார். பணம் கிடைத்தாலும் அனுமதியின்றிப் பணி தொடங்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காப்பிடத்தினுள் ஆய்வுக்காக நுழையவும், பறவைகளைப் பிடித்து வளையமிடவும் வனத்துறையின் அனுமதி தேவை. அனுமதி தாமதமாகி, வலசைப் பருவமே கடந்துவிடுவது ஆய்வாளர்கள் அடிக்கடி கூறும் குறையாகும்.

வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் அமைப்புகள் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டவை. 1976இல் முதலில் இயற்றப்பட்ட இச்சட்டத்துக்கு மாற்றாக 2010இல் புதிய சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், பணம் பெற்ற அமைப்பு அதில் ஒரு பகுதியை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்ச வரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெரிய அமைப்பு ஒன்று பணம் பெற்று, தொலைவிலுள்ள சிற்றூர்க் குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பழைய முறை இதனால் முடிவுக்கு வந்தது. சிறு குழுக்களே இதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன.

மறுபுறம், 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்றது. தாவர, விலங்குப் பாதுகாப்பும் அப்பணிகளுள் அடங்கும். காடழிப்புக்கு ஈடாகச் செலுத்தப்படும் தொகையிலிருந்து உருவான இழப்பீட்டு நிதியும் பறவைகளுக்குப் பயன்பட்டுள்ளது. இராசஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் 2019இல் தொடங்கிய கானமயில் இனப்பெருக்கத் திட்டம் இந்நிதியால் நடைபெறுவது.

குறைபாடுகள்

பெரும்பாலான நல்கைகள் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு உரியவை. நீண்டகாலம் வாழும் பறவைகளின் எண்ணிக்கை மாற்றத்தை அறிய அக்காலம் போதாது. கூண்டு, கருவி, பயணம் ஆகியவற்றுக்கு எளிதில் பணம் கிடைக்கும். களப்பணியாளரின் ஊதியத்துக்குக் கிடைப்பது கடினம். இருவாய்ச்சி, கானமயில் போன்ற தோற்றப் பொலிவுடைய பறவைகளுக்குக் கிடைக்கும் கவனம், புல்வெளியில் மறைந்து வாழும் சிறு பறவைகளுக்குக் கிடைப்பதில்லை. விண்ணப்பங்களும் அறிக்கைகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவதால், பறவைகளை நன்கறிந்த உள்ளூர் மக்கள் நல்கையை நேரடியாகக் கோர இயலாமலும், அவர்கள் ஊரில் நடந்த ஆய்வின் முடிவு அவர்களுக்கே தெரியாமலும் போகிறது.

பொதுமக்கள் ஊதியமின்றித் திரட்டும் தரவு இக்குறைகளுள் சிலவற்றை ஈடுசெய்கிறது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்குவோர் பதிந்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டு, அவற்றுள் 178 இனங்களை உயர் முன்னுரிமைக்குரியவையாக வகைப்படுத்தியது. எங்கும் காணப்படுவதாக எண்ணப்படும் பனங்காடையின் நிலையை மறு ஆய்வு செய்ய வேண்டும் எனவும் அது பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பு இத்தகைய தன்னார்வப் பதிவுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டாகும். இதில் பள்ளி மாணவர்களும் கலந்துகொள்கின்றனர்.